மொய்னுதீன் மச்சானின் சைக்கிள் மணி

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, முன் சக்கரத்தை ஒரு கையால் தூக்கி, மறு கையால் சுற்றிவிட்டு, காதை அதன் அருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார் மொய்னுதீன். சக்கரம் சுற்றி ஓய்கிற வரைக்கும் யாரும் பேசக்கூடாது. பக்கத்து வீட்டுச் சேவல் கூவினால்கூட முகத்தைச் சுளிப்பார்.

"இன்னா மச்சான், கெளம்பலாமா?" என்றான் அசன் முகைதீன்.

பதிலுக்கு ஒரு விரல் மட்டும் மேலே எழுந்தது. சக்கரம் ஓய்ந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"சத்தம் வருது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"உனக்குக் கேக்காது அசனு. வண்டிய ஓட்டறவனுக்குத்தான் கேக்கும். நீ வண்டில போறவன்."

அன்று செவ்வாய்க்கிழமை, ஆரணிச் சந்தை நாள். பொன்னேரியிலிருந்து எட்டு மைல். விடியற்கால சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் கிளம்புவதாகத்தான் பேச்சு. அசனின் பழைய வண்டியில் கைலி மூட்டை இரண்டும் ஏறி உட்கார்ந்து அரை மணி ஆகிவிட்டது. மச்சானோ இப்போதுதான் எண்ணெய்க் குப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். அசன் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். வேறு யாராவதாக இருந்தால் இரண்டு வார்த்தை கேட்டிருப்பான். அக்காள் புருஷனை என்ன கேட்பது?

மொய்னுதீனுக்கு நாற்பத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, உயரத்தை மறைக்கத் தெரியாமல் கொஞ்சம் கூனின முதுகு. வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட கைலி, கைலிக்குக் கீழே இரண்டு கணுக்காலிலும் பளபளவென்று இரும்பு கிளிப். கால்சட்டை சங்கிலியில் மாட்டாமல் இருப்பதற்காகத் துரைமார் போட்டுக்கொள்வது அது. மொய்னுதீன் பிறந்ததிலிருந்து கால்சட்டை போட்டதில்லை. கைலியை முழங்காலுக்கு மடித்துக் கட்டித்தான் ஓட்டுவார். ஆனாலும் கிளிப் வெறுங்காலைக் கவ்விக்கொண்டு நிற்கும். எதற்கு மச்சான் இது என்று அசன் ஒருமுறை கேட்டான். "போட்டாத்தான் காலுக்கு, ஓட்டப் போறோம்னு தெரியுது" என்றார்.

இந்தப் பைத்தியம் பிடித்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் மொய்னுதீனும் எல்லாரையும்போல சைக்கிளில் போனவர்தான். சரக்கு விஷயமாக மெட்ராஸ் போன இடத்தில், கடற்கரைச் சாலையில் சைக்கிள் பந்தயம் நடந்ததைப் பார்த்துவிட்டார். இருபது பேர் குனிந்து வளைந்து காற்றாகப் போனார்களாம். நடுவெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்று பார்த்தார். அன்று சாயங்கால ரயிலில் பொன்னேரி வந்து இறங்கினபோது கையில் ஒரு டைனமோ விளக்கு இருந்தது. வாங்கி வரப் போன சாயநூல் இல்லை.

அதோடு போயிருந்தால் சரி என்று விட்டிருக்கலாம். அடுத்த மாதம் பக்கம் பார்க்கிற கண்ணாடி வந்தது. அதற்கடுத்து, சக்கரத்தின் நடுவில் சுற்றிக்கொண்டே அதைத் துடைக்கிற சிவப்புக் குஞ்சம். பின்னால் வருகிறவன் கண்ணில் பட ஒரு சிவப்பு வில்லை. கைப்பிடிக்கு ரப்பர் உறை. சீட்டுக்குப் பின்னால் தொங்க ஒரு தோல் பை, அதற்குள் துணியில் சுற்றின ஆறு ஸ்பேனர். முன் சக்கரத்தில் ஒரு மைல் மீட்டர். சக்கரம் சுற்றச் சுற்ற 'டிக் டிக்' என்று எண்ணிக்கொண்டே வரும். சீட்டுக்கு உறை மட்டும் மெட்ராஸில் வாங்கவில்லை. மனைவி மெஹர்னிசாவின் நிக்காஹ் சட்டைக்கு எடுத்ததில் மிச்சமிருந்த பச்சை வெல்வெட் துணி பெட்டியில் கிடந்தது. அதை எடுத்து அவரே தைத்துவிட்டார்.

மாட்ட மாட்ட, வண்டியில் சரக்கு வைக்க இடம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பின்னால் இருந்த பெரிய இரும்புக் கேரியரையே கழற்றிப் போட்டுவிட்டார். ஓட்டத்துக்கு அது பாரமாம். அதற்குப் பதில் வந்தது நிக்கல் பூசின ஒரு சின்ன கேரியர். ஒரு டிபன் பாக்ஸ் வைக்கலாம். அன்று முதல் இரண்டு மூட்டையும் அசனின் வண்டிக்கு வந்து சேர்ந்தன. "உன் வண்டி தாங்கும் அசனு" என்று தட்டிக்கொடுத்தார். மனுஷனைத் தட்டிக்கொடுத்தாரா, வண்டியைத் தட்டிக்கொடுத்தாரா என்று இன்றுவரை அசனுக்குத் தெரியாது.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு தினமும் மீஞ்சூர் வரைக்கும் போய்த் திரும்பி வருவார். மீஞ்சூரில் இறங்கக்கூட மாட்டார். ரயில்வே கேட்டைத் தொட்டுவிட்டு வண்டியைத் திருப்புவார். ஊர் சும்மா இருக்குமா? ஒரு நாள் கிணற்றடியில் ஒருத்தி மெஹர்னிசாவிடமே கேட்டுவிட்டாள், மீஞ்சூரில் ஏதாவது தொடுப்பா என்று.

"தொடுப்பு இருந்தா பரவால்லியேம்மா" என்றாள் மெஹர்னிசா. "இருந்தா, எனக்குத் தெரியாம எதனா வாங்கிக் குடுப்பாரு. இவரு என் கண்ணு முன்னாலயே வாங்கியாந்து, என் கண்ணு முன்னாலயே அதுக்கு மாட்டறாரு."

இத்தனையிலும் அசனுக்கு ஆகவே ஆகாத ஒன்று உண்டு. அந்த மணி. மூர் மார்க்கெட்டில் வாங்கினது. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளி போல மின்னும். மற்ற மணிகள் ஒரு தரம் தட்டினால் ஒரு தரம் அடிக்கும். இது ஒரு தட்டுக்கு உருண்டு உருண்டு எட்டுத் தரம் அடித்து, இழுத்துக்கொண்டே போய் ஓயும். அதை விற்ற கடைக்காரர் சும்மா விற்கவில்லை, கூடவே ஒரு சட்டத்தையும் சொல்லி அனுப்பிவிட்டார். வளைவு வந்தால் மணி அடிக்க வேண்டும். மணி இல்லாத வண்டிக்காரன் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வளைவைத் தாண்ட வேண்டும். அப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ, மொய்னுதீன் நெஞ்சில் பதிந்துவிட்டது.

பொன்னேரிக்கும் ஆரணிக்கும் நடுவில் பதினோரு வளைவு. இரண்டு பக்கமும் நெல் வயல். அரை மைல் தூரத்தில் வருகிற கொக்கும் கண்ணுக்குத் தெரியும். எதிரே ஈ காக்கை இருக்காது. ஆனாலும் பதினோரு தடவையும் மணி அடிக்கும். அசனின் வண்டியில் மணி கிடையாது. "பெல் இல்லாத வண்டி எறங்கித் தள்ளிக்கினுதான் வரணும் அசனு, சட்டம்" என்று பின்னாலிருந்து பதினோரு தடவையும் குரல் வரும். அசன் காதில் வாங்காமல் மிதிப்பான். போகும்போது பதினொன்று, வரும்போது பதினொன்று. அந்த மணிச் சத்தம் தூக்கத்தில்கூடக் கேட்கிறது என்று மனைவி ஆபிதாவிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறான்.

எப்படியாவது போகட்டும், அவர் வண்டி, அவர் ஆசை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஆரணிச் சந்தையில் அவர்களுக்கு இருந்த இடம் மொய்னுதீன் பேரில் இருந்தது. அங்கேதான் அசனின் குடுமி மாட்டிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தைப் பிடித்தவர் அசனின் தகப்பனார், அவன் அத்தா. தெற்கு வாசலில் நுழைந்ததும், கிணற்றுக்குப் பக்கத்தில், பூவரச மரத்து நிழலில் எட்டு முழம் தரை. சந்தைக்கு வருகிற யாரும் அதைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. பழவேற்காட்டுத் தறியில் நெய்த கைலியை அத்தா அங்கே விரித்துப் போட்டு இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். மூத்தவள் மெஹர்னிசாவின் நிக்காஹின்போது மருமகனுக்கு மோதிரம் போடவில்லை, கடிகாரம் போடவில்லை. சபையில் சந்தைக் குத்தகைக்காரரை வரவழைத்து, அந்த எட்டு முழத்தை மாப்பிள்ளை பேருக்கு மாற்றிக்கொடுத்தார். அத்தா காலமாகி நாலு வருஷம் ஆயிற்று. இரண்டு குடும்பமும் இன்றைக்கும் அந்த நிழலில்தான் சாப்பிடுகிறது.

சந்தைக்கு ஒரு வழமை உண்டு. காலை எட்டு மணிக்கு ரைஸ் மில் சங்கு ஊதும்போது, பேருக்கு உரியவர் தாமே வந்து தம் இடத்தில் சரக்கைத் தரையில் வைத்திருக்க வேண்டும். சங்குக்குப் பிறகு குத்தகைக்காரர் துளசிராமன் ஒரு சுற்று வருவார். அவர் வந்து நிற்பதற்குள் ஒரு போணியாவது ஆகியிருக்க வேண்டும். தம்பி வந்தான், மச்சினன் வந்தான் என்பதெல்லாம் செல்லாது. தொடர்ந்து மூன்று சந்தை தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்தவர் யார் என்பதும் ஊருக்கே தெரியும். எனாமல் பாத்திரம் விற்கிற தானியேல், வடக்கு மூலையில் சுடுவெயிலில் ஆறு வருஷமாகக் கடை போடுகிறவர். ஒவ்வொரு செவ்வாயும் சங்கு நேரத்துக்குப் பூவரச மரத்தடியில் வந்து, சுருட்டின கோணியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கும் நிழல் வேண்டாமா?

இரண்டு சந்தை ஏற்கனவே போய்விட்டது. முதல் வாரம் டைனமோ டயரில் உரசுகிறது என்று மொய்னுதீன் சாலை ஓரத்தில் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம். இரண்டாம் வாரம் மழை. சேற்றில் குஞ்சம் கெட்டுவிடும் என்று சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அரை மைல் நடந்தார். எதிரே வந்த நாற்று நடுகிற பெண்கள் சிரித்த சிரிப்பில் அசனுக்கு உயிர் போயிற்று. சந்தைக்குப் போனபோது சங்கு ஊதி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

இது மூன்றாவது செவ்வாய்.

"மச்சான், இன்னிக்கு மட்டும் பெரிய மனசு பண்ணி ஓட்டுங்க" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டான் அசன். "இன்னிக்கு உட்டா எடம் போச்சு."

"தெரியாதா எனக்கு? அதனாலதான் எண்ண போடறேன். வண்டி இன்னிக்கு மக்கர் பண்ணக்கூடாது பாரு."

ஒரு வழியாக ஆறேகாலுக்குக் கிளம்பினார்கள். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு மொய்னுதீன் எங்கேயும் நிற்கவில்லை. வளைவுக்கு வளைவு மணி அடித்துக்கொண்டு ஒழுங்காக வந்தார். ஏழு மணி தாண்டி, ஏரிக்கரையைத் தாண்டி, ஆறாவது வளைவைத் தாண்டினபோது அசனுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. அந்த நிமிஷம் பார்த்து, பட்டென்று ஒரு சத்தம். அசனின் பின் சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டது. கருவேல முள்.

மொய்னுதீன் வண்டியை நிறுத்தினார். குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

"ஆரணிக்கு இன்னும் மூணு மைலு கீது" என்றார். முகத்தில் ஒரு கலவரமும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் சந்தோஷம்கூடத் தெரிந்தது. ஆறு ஸ்பேனருக்கும் இப்போதுதான் நேரம் வந்திருக்கிறது. தோல் பையைக் கழற்றி, துண்டை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "டயரக் கழட்டணும். டியூப ஊதி வாய்க்கா தண்ணில முக்கணும். ஓட்டயப் பாத்து, உப்புத்தாள் தேச்சி, சொல்யூஷன் தடவி, காய உட்டு..."

"மச்சான், மணி ஏழேகாலு."

"அவசரப்பட்டா ஒட்டாது அசனு. காய்ற நேரம் காயணும்."

அசனுக்குள் ஒன்றரை வருஷமாக அடைந்து கிடந்தது அவ்வளவும் அப்போது வெடித்தது.

"ஒட்டவே வேணாம்! என்ன உட்டுட்டு நீங்க போங்க! உங்க பேருலதான எடம் கீது? நான் போயி இன்னா பிரயோஜனம்? போங்க!"

"பங்சர் வண்டிய நடுரோட்ல உட்டுட்டு போறவன் சைக்கிள்காரனா?"

"ஐயோ, யாரு உங்கள சைக்கிள்காரனா ஆவச் சொன்னது? பேஜாரா கீது மச்சான்! எங்க அத்தா உங்களுக்கு எடத்தக் குடுத்தாரா, இல்ல குஞ்சத்தயும் பெல்லயும் குடுத்தாரா? எங்க அக்கா சோறு அந்த எடத்துலதான் கீது. அது தெரியுதா உங்களுக்கு?"

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு உயரம் போயிருந்தது என்பது அசனுக்கே தெரிந்தது. பதினாறு வருஷத்தில் அவன் மச்சானை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. மொய்னுதீன் ஸ்பேனர்களை மறுபடி துணியில் சுற்றினார். தோல் பையில் வைத்தார். பையின் இரண்டு பக்கிளையும் மாட்டினார். ஒரு பக்கிள் போதாதா என்று அசனுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. சொல்யூஷன் டியூபை மட்டும் அசன் கையில் வைத்துவிட்டு, மச்சான் ஏறி உட்கார்ந்தார். அந்தப் பந்தயக்காரர்கள் குனிந்தார்களே, அதேபோல் குனிந்தார். அப்படி அவர் ஓட்டி அசன் பார்த்ததே இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த வளைவுக்குப் போய்விட்டார். அங்கே மணி அடித்தது.

நல்லவேளை என்று அசன் தன் வண்டிப் பக்கம் திரும்பினான். கேரியரில் இரண்டு மூட்டையும் இருந்தன.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மச்சானைத் துரத்தின வேகத்தில் ஒரு கைலியாவது உருவிக் கொடுத்தனுப்பத் தோன்றவில்லையே! அந்த மனுஷன் அங்கே போய் எதைத் தரையில் வைப்பார்? எதைப் போணி பண்ணுவார்? அவரிடம் இருக்கிற ஒரே கைலி இடுப்பில் இருக்கிறது. பங்சரை ஒட்டிக்கொண்டாவது போகலாம் என்றால் கையில் சொல்யூஷன் மட்டும் இருந்தது. டயரைக் கழற்றுகிற ஸ்பேனரும் காற்றடிக்கிற பம்பும் மச்சானோடு போய்விட்டன. யாரைத் திட்டுவது என்றே அசனுக்குத் தெரியவில்லை. முதலில் மச்சானைத் திட்டினான். பிறகு தன்னைத் திட்டிக்கொண்டான். பிறகு எழுந்து, மூட்டை சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தட்டைச் சக்கரத்தோடு தள்ள ஆரம்பித்தான்.

வழியிலேயே சங்கு ஊதிற்று. இன்னும் ஒரு மைல் இருந்தது. அத்தாவின் முகம் ஒரு தரம் வந்துபோயிற்று. அக்காவிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்தான்.

ஆரணி எல்லைக்குள் நுழைந்தபோது, சந்தையிலிருந்து மாட்டு வண்டிகள் திரும்புகிற மேற்குச் சாலையில் அந்த மணிச் சத்தம் கேட்டது. சந்தேகமே இல்லை. ஒரே தட்டு, உருண்டு உருண்டு எட்டு அடி, இழுவை. ஒரு தரம் அடித்து ஓய்ந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடி அடித்தது. அசனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இடம் கைவிட்டுப் போகிற நேரத்தில் சந்தைக்கு வெளியே வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாரே, இவரை என்ன செய்வது! அல்லாஹ்விடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, தெற்கு வாசலுக்குள் வண்டியைத் தள்ளினான். எனாமல் பாத்திரங்கள் பூவரச நிழலில் அடுக்கியிருப்பதைப் பார்க்க மனத்தைத் திடப்படுத்திக்கொண்டான்.

நிழலில் எனாமல் இல்லை. ஒரு கூட்டம் நின்றது. கூட்டத்தை விலக்கிப் பார்த்தான்.

மொய்னுதீன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே துண்டை விரித்து, அதன் மேல் வரிசையாக வைத்திருந்தார்: டைனமோ, விளக்கு, பக்கக் கண்ணாடி, சிவப்பு வில்லை, இரண்டு குஞ்சம், கைப்பிடி உறை இரண்டு, மைல் மீட்டர், ஆறு ஸ்பேனர், பம்பு, பச்சை வெல்வெட் உறை. ஓரத்தில் காலிலிருந்து கழற்றின கிளிப் இரண்டு. பின்னால் மரத்தில் சாய்ந்திருந்த சைக்கிள், இறகு பிடுங்கின கோழி மாதிரி நின்றது.

"இந்தக் கண்ணாடி இன்னா வெல பாய்?" என்று ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பத்து ரூபா."

"மெட்ராஸ்லயே மூணு ரூபாதானே!"

"அப்ப மெட்ராஸ்ல வாங்கிக்கோ" என்றார் மொய்னுதீன். அதற்குள் அசன் அவர் கண்ணில் பட்டுவிட்டான். "வா அசனு. போணி ஆயிடுச்சி. சரக்க எறக்கு."

இவ்வளவுதான் சொன்னார். நடந்ததைச் சொன்னவர் தானியேல். சுருட்டின கோணி இன்னும் அவர் கக்கத்திலேயே இருந்தது.

"கையில ஒண்ணுமே இல்லாமதான் வந்தாரு தம்பி. நானும் கோணிய விரிக்கலாம்னு பாத்தேன். இவரு ஸ்பேனர எடுத்தாரு பாரு, சங்கு ஊதறதுக்குள்ள அம்புட்டையும் கழட்டித் தரையில வெச்சிட்டாரு. ஆனா வெலய மட்டும் யாரும் வாங்க முடியாத மாதிரி சொல்லிக்கினு இருந்தாரு. அப்பறம் துளசிராமன் வந்தாரு. 'கட விரிச்சா போதுமா நைனா, போணி ஆச்சா? ஆவலன்னா தானியேலுக்குத்தான் எடம், நான் இன்னா பண்றது'ன்னாரு. இவரு மொதல்ல அந்தக் கால் கிளிப்பத் தூக்கிக் காட்டினாரு. ரெண்டணான்னாரு, ஓரணான்னாரு. ஒருத்தனும் கிட்ட வரல. அரசப்பன்னு ஒரு வெவசாயி, பெரியபாளையத்துப் பக்கம், அவரு பெல்ல மட்டும் கேட்டுக்கினு நின்னாரு. மாட்டு வண்டில கட்டறதுக்காம். துளசிராமன் 'நான் அடுத்த கடைக்குப் போறேன்'னு கால எடுத்து வெச்சாரு. இவரு பெல்ல எடுத்து, ஒரு தபா அடிச்சிப் பாத்துட்டு, குடுத்துட்டாரு. வெல கூடக் கேக்கல. அவரா பாத்து ஒரு ரூபா குடுத்துட்டுப் போனாரு."

தானியேல் கோணியைத் தட்டிக்கொண்டு வடக்கு மூலை வெயிலுக்குத் திரும்பிப் போனார். மேற்குச் சாலையில் தான் கேட்டது யார் அடித்த மணி என்பது அசனுக்கு அப்போது புரிந்தது. மச்சானைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. குனிந்து மூட்டையைப் பிரித்தான்.

அந்த வெட்கம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. கைலி விரித்த நிமிஷத்திலிருந்து வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. இரண்டு வாரமாகக் காலையில் வந்து பார்த்து ஏமாந்து போன வாடிக்கையெல்லாம் ஒரே நாளில் வந்தது. ஒருவர் நீளம் கேட்கிறார், ஒருவர் சாயம் போகுமா என்கிறார். அசனுக்கு இரண்டு கை போதவில்லை. திரும்பிப் பார்த்தால் மச்சான் மரத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டு டைனமோவை மாட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்த தரம் பார்த்தபோது குஞ்சம். அதற்கடுத்த தரம் மீட்டரைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தவர் அசனின் பங்சரைப் பிடித்துக்கொண்டார். முறைப்படி முக்கி, முறைப்படி தேய்த்து, முறைப்படி காயவிட்டு, சந்தை கலைகிற நேரத்துக்கு முடித்தார். அன்று பூராவும் ஒரு கைலியைக்கூட அவர் மடித்து வைக்கவில்லை.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து கை குடுத்தா இன்னா மச்சான்?" என்று ஒரு தடவை கேட்டே விட்டான்.

"கையில எண்ண கீது அசனு. துணில பட்டா போவாது."

சாயங்காலம் கிளம்பினார்கள். மூட்டை இரண்டும் வற்றி ஒரு மூட்டையாகியிருந்தது. மொய்னுதீனின் வண்டி மறுபடி முழு அலங்காரத்தோடு மின்னிற்று. கணுக்காலில் கிளிப் ஏறியிருந்தது. கைப்பிடியில் மட்டும், மணி இருந்த இடத்தில், பெயிண்டு தேய்ந்த ஒரு வளையம் வெறுமையாகத் தெரிந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அசன் எவ்வளவோ முயற்சி பண்ணினான்.

"வர்ற ஞாயித்துக்கெழம மெட்ராஸ் போலாம் மச்சான்" என்றான், தன் வாயா இப்படிச் சொல்கிறது என்று தானே வியந்துகொண்டு. "அதே பெல்லு இருக்கும். வாங்கிடலாம்."

"ஞாயித்துக்கெழம அந்தக் கட லீவு" என்றார் மொய்னுதீன். அதையும் விசாரித்து வைத்திருந்தார்.

முதல் வளைவு வந்தது. இரண்டு பக்கமும் வயல். சாலையில் ஆள் இல்லை, மாடு இல்லை. மொய்னுதீனின் கட்டைவிரல் தானாக எழுந்து அந்த வெறும் வளையத்தை அழுத்திற்று. ஒன்றும் கேட்கவில்லை. உடனே இரண்டு பிரேக்கையும் பிடித்து இறங்கிவிட்டார். வண்டியை இடது ஓரமாகத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

அசன் வளைவைத் தாண்டிப் போய், மச்சானைக் காணாமல் திரும்பிப் பார்த்தான். "இன்னா ஆச்சு? பங்சரா?"

"இல்ல. பெல்லு இல்லியே."

"ஐயோ மச்சான்! பொழுது போவுது! எதுக்க யாரு கீறாங்க?"

வளைவு முடிந்து சாலை நேரானதும் மொய்னுதீன் நின்று, கிளிப்பைச் சரிசெய்துகொண்டு ஏறினார். இன்னும் பத்து வளைவு. பொன்னேரி போய்ச் சேர எத்தனை மணி ஆகும் என்று கணக்குப் போட்டுத் தலையில் அடித்துக்கொண்டான் அசன். அப்புறம் அவனும் வேகத்தைக் குறைத்து, மச்சானுக்கு இணையாக மிதித்தான்.

அடுத்த வளைவுக்குப் பத்து கஜம் முன்னாலேயே மொய்னுதீன் இறங்கிவிட்டார்.